தராசில் நின்ற டிபன் கேரியர்

செமாபோக்கிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். 'பினாங்குக்கு மலிவு விமானம் விடுகிறார்களே, குடும்பத்தோடு ஏறலாமா? நீங்கள்தான் அனுபவசாலி, சொல்லுங்கள்' என்கிறார்.

ஏறலாம். காது அடைக்கும், வயிறு புரளும், ஆனால் போய்ச் சேரும்.

இதோடு பதிலை முடித்திருப்பேன். அந்த 'அனுபவசாலி'தான் நாலு நாளாக உறுத்துகிறது.

போன வருஷம் அந்தப் பயணத்தைப் பற்றி இதே இடத்தில் எழுதினேன், நினைவிருக்கிறதா? மலாக்கா பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில், மூட்டை நிறுக்கும் தராசில் என்னையே ஏற்றி எடை போட்ட கதை. பண்டார் ஹிலிர் கடைத்தெருவில் என்னை நிறுத்தி வைத்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கதையில் ஒரு டிபன் கேரியர் இருந்தது. அதை நான் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

காஜா பெராங்கில் என் வீட்டிலிருந்து பத்து வீடு தள்ளி மீனாச்சி அக்கா இருக்கிறார். மலாக்கா செட்டி குடும்பம். பெயரும் சாமியும் நம்முடையவை. பேச்சு மட்டும் மலாய். அவரிடம் நானும் மலாயில்தான் பேசுவேன். அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

அவருடைய ஒரே மகன் கோபால். தகப்பனுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டான். "இந்த வாசலை மிதிக்காதே" என்றார் தகப்பன். அவனும் மிதிக்கவில்லை. பினாங்குத் துறைமுகத்தில் வேலை தேடிக்கொண்டான். தகப்பன் செத்தபோது தந்தி கொடுத்தார்கள். அப்போதும் வரவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் மாலை செட்டி வீடுகளில் 'பார்ச்சு' நடக்கும். இறந்தவர்களுக்கு வாழை இலை விரித்து, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் படைப்பார்கள். அவர்கள் உண்டதாக எண்ணி, பிறகு வீட்டார் அதையே சாப்பிடுவார்கள். மகன் வராவிட்டாலும் மீனாச்சி அக்கா வருஷா வருஷம் அவன் பங்கை ஒரு தட்டில் எடுத்து மூடி வைப்பார்.

போன வருஷம் நான் பொங்கலன்று காலை விமானத்தில் பினாங்கு போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. புறப்படும் நேரத்தில் டிபன் கேரியரோடு வந்து நின்றார்.

"மாஸ்டர், ரயில்னா சோறு ஊசிப்போகும். அதான் இத்தனை வருஷமா அனுப்பல. ஏரோப்ளேன் மத்தியானத்துக்குள்ள போயிடும்லா?"

"போயிடும் அக்கா."

"அவங்கப்பா இலையிலேர்ந்து எடுத்தது. காலையில மறுபடி சுட வச்சிருக்கேன். ஒரு வாய் சாப்பிட்டான்னா போதும்... அப்பனுக்கும் மகனுக்கும் இருந்தது தீர்ந்துடும். அப்புறம் அவன் வருவான்."

"சாப்பிட மாட்டேன்னு சொல்லிட்டா?"

சிரித்தார். "என் பிண்டாங்கை வேணாம்னு சொல்ற பிள்ளை இன்னும் பொறக்கல லா."

பிண்டாங் என்பது அவர்கள் வைக்கும் புளி மீன் குழம்பு. கோபாலின் விலாசத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் கொடுத்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தராசு கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: சின்ன விமானம், ஆள் எடை சாமான் எடை இரண்டும் கணக்கு. ஏழு ராத்தல் கூடிவிட்டது. சீட்டுப் பார்க்கும் பையன் நம்ம தமிழன்தான். "சார், உங்களைக் குறைக்க முடியாது. மூட்டையையாவது குறைங்க" என்றான். இதுவரை எழுதினேன், சிரித்தீர்கள்.

மூட்டையில் என்ன இருந்தது? ஒரு கம்பளிக் கோட்டு. பன்னிரண்டு புத்தகங்கள் — இந்தப் பத்திகளைத் தொகுத்து நானே அச்சடித்தது. பினாங்குப் பொங்கல் விழாவில் வெளியீடு. அப்புறம் அந்த டிபன் கேரியர்.

கூடுதல் எடைக்குப் பணம் கட்டியிருக்கலாம். பெரிய தொகை இல்லை. ஆனால் மலிவு டிக்கெட் வாங்கியவன் மனசு இருக்கிறதே... மேற்கொண்டு ஒரு காசு கொடுத்தாலும் ஏமாந்துவிட்டதாகத்தான் நினைக்கும்.

என்னைக் கொண்டுவந்து விட்ட டாக்சிக்காரர் தெங்கேரா வீரய்யா பக்கத்தில் நின்றிருந்தார்.

"மாஸ்டர், புத்தகத்துல பாதியை எங்கிட்ட குடுத்துட்டுப் போங்களேன். பத்திரமா வச்சிருக்கேன். சாப்பாட்டை எடுத்துட்டுப் போங்க, பாவம், அந்தம்மா குடுத்தது."

"புத்தகத்தை வச்சிக்கிட்டு நீ என்னய்யா பண்ணுவே?"

"படிப்பேன்."

"நீ சோத்தைச் சாப்பிடு. உனக்கு அதுதான் பிரயோஜனம்."

சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். அவர் கேரியரை வாங்கிக்கொண்டார். தராசு முள் இறங்கியது. நான் ஏறிப் பறந்தேன்.

பினாங்கில் மாலை போட்டார்கள். புத்தகம் ஏழு போயிற்று. மீதி ஐந்தை அங்கேயே ஒரு நாற்காலியில் விட்டு வந்தேன். திரும்புகிற விமானத்திலும் தராசு உண்டே!

கோபாலைப் பார்க்கப் போகவில்லை. வெறுங்கையோடு போய் என்ன சொல்வது? துறைமுகம் நான் தங்கிய இடத்திலிருந்து நடக்கிற தூரம். வெயில் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

திரும்பி இறங்கியபோது வீரய்யா வந்திருந்தார். கழுவிய கேரியர் பின் சீட்டில் இருந்தது. "அந்த மீன் குழம்பு... ரெண்டு நாளா கையில வாசனை போகல மாஸ்டர்" என்றார். கோபம் இல்லை அவருக்கு. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மீனாச்சி அக்கா என் வாசலிலேயே நின்றிருந்தார். எப்படிப் போனேன், எப்படி வந்தேன் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரே கேள்வி: "சுடா மாக்கான்?" சாப்பிட்டானா?

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது.

"சாப்பிட்டான் அக்கா."

"என்ன சொன்னான்?"

"ரெண்டு நாளைக்குக் கையில வாசனை போகாதுன்னு சொன்னான்."

வீரய்யாவின் வார்த்தையை எடுத்துக் கோபாலின் வாயில் வைத்தேன். காலிக் கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த அம்மாள் அழுதார். நான் குளிக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவர் காத்திருக்க ஆரம்பித்தார். சாப்பிட்டுவிட்டான் அல்லவா, வருவான். மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு ஊரெல்லாம் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். மெத்தையை வெயிலில் போட்டார், வாசல் கதவுக்குச் சாயம் அடித்தார். கொடி ஏற்றினார்கள், வாண வேடிக்கை முடிந்தது. கோபால் வரவில்லை. எதற்கு வருவான்? அவனை யார் கூப்பிட்டார்கள்?

போன வாரம் மறுபடி பார்ச்சு. வழக்கம்போல எனக்கும் அழைப்பு. படையல் முடிந்ததும் அக்காவின் மகள் வழக்கமான அந்தத் தட்டை எடுத்து வந்தாள். மீனாச்சி அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம். அப்பன் இலைச் சோத்தைத் தின்னுட்டும் மனசு எளகாதவனுக்கு இனிமே எதுக்கு?"

கோபால் தின்னவே இல்லை. பிணக்கு என்று அவன் மேல் ஒன்று இருந்தது, உண்மை. இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது, அவன் செய்யாதது. அதை அவன் மேல் சுமத்திய நான் அவர் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பங்கை அப்படியே என் இலையில் வைத்தார். "நீங்க சாப்பிடுங்க மாஸ்டர். அவனுக்காக அலைஞ்சது நீங்கதான்."

சாப்பிட்டேன். இன்னும் கையில் வாசனை இருக்கிறது.

செமாபோக் அன்பரே, மலிவு விமானத்தில் தாராளமாக ஏறுங்கள். தராசில் நிற்கும்போது மட்டும், எதை இறக்குகிறோம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபாலின் விலாசச் சீட்டு இப்போது என் மேஜை மேல்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன் என்று நீங்கள் மெச்சக்கூடும். மெச்ச வேண்டாம்.

மீனாச்சி அக்காவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்கோ மலாய் நன்றாகவே பேச வரும்.