கோடை விடுமுறைக்கு ஒரு போர்ஷன்

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் நாங்கள் இருக்கும் சிற்றூரில், பள்ளியின் கடைசி நாளன்று ஆசிரியைகள் எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று, புறப்படும் மஞ்சள் பஸ்களுக்குக் கையசைப்பார்கள். டிரைவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போவார்கள். பத்து வாரத்துக்குப் பிள்ளைகளுக்கும் புத்தகத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதற்கா இத்தனை கொண்டாட்டம் என்று திருச்சிக்காரனான எனக்கு எப்போதும் எரிச்சல்தான் வரும். இந்த வருடம் பயம் வந்தது. என் மகள் இனியா மூன்றாம் வகுப்பு. வாசிப்பில் பின்தங்கியிருக்கிறாள், இந்தக் கோடைக்குள் தேறாவிட்டால் இன்னொரு வருடமும் மூன்றாம் வகுப்பில்தான் இருக்க வேண்டும் என்று அவளுடைய டீச்சர் மிஸஸ் பெல் சொல்லியிருந்தார். விடுமுறையில் பள்ளியிலேயே வாசிப்பு வகுப்பு நடக்கிறது, அனுப்புங்கள் என்றும் சொன்னார். நானோ ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக ஜனவரியிலேயே டிக்கெட் போட்டுவிட்டிருந்தேன்.

அதனால் ஒரு மெயில் எழுதினேன். கோடைக்கு இனியாவின் போர்ஷனை அனுப்பி வையுங்கள், தினமும் நானே கூட உட்கார்ந்து முடிக்க வைக்கிறேன் என்று. மறுநாளே பதில் வந்தது. விடுமுறையில் குழந்தைகளுக்கு இலவசமாக மதிய உணவு தரும் இடங்களின் பட்டியல், நேரம், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்ற ஆறுதல் வார்த்தை. இரண்டு முறை படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த ஊர் இங்கிலீஷில் போர்ஷன் என்றால் தட்டில் வைக்கும் சாப்பாட்டின் அளவு. பாடத்தின் அளவைப் போர்ஷன் என்பது நம் பள்ளிக்கூடங்களின் வழக்கம். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருடம் அங்கே குப்பை கொட்டிய பிறகும், மகளுக்குச் சோறு போட முடியாத அப்பனாக ஒருநாள் முழுக்க அந்த அம்மாள் மனதில் இருந்திருக்கிறேன். விளக்கி எழுதினேன். அவர் மன்னிப்புக் கேட்டார். ஜூலை கடைசியில் வீடியோவில் இனியா படிப்பதைக் கேட்கிறேன், அதை வைத்து முடிவெடுக்கலாம் என்றார்.

இந்தப் போர்ஷன் பைத்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். மே மாதம் வந்தால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பையனிடம் அடுத்த வகுப்புப் பழைய புத்தகங்களை வாங்கிவந்துவிடுவார். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் முதல் மூன்று பாடம் முடிந்தாக வேண்டும். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை ஸ்டாண்டு போடும்போதே, "போர்ஷன் முடிச்சியா?" என்பார். தண்ணீர் கேட்பதற்கு முன்பே அதைத்தான் கேட்பார். வெளியே பையன்கள் கிரிக்கெட் ஆடும் சத்தம் கேட்கும், நான் உள்ளே அழுதுகொண்டே பின்னக் கணக்குப் போடுவேன். என் பிள்ளைக்கு ஒருநாளும் இதைச் செய்யமாட்டேன் என்று அப்போது சபதம் வேறு எடுத்தேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சபதமெல்லாம் விமானம் ஏறும்வரைதான்.

ஸ்ரீரங்கத்தில் ஜூலை மாதம் விடுமுறைக்கான மாதம் இல்லை. இங்கே பிள்ளைகளுக்கு லீவு மே மாதமே முடிந்துவிட்டது. காலையில் தெருவெல்லாம் யூனிஃபார்மும் ஆட்டோவுமாகப் போகும், இனியா மட்டும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கலா அக்கா மண்ணச்சநல்லூரில் டீச்சர், ஏழரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். மனைவி லீவு கிடைக்காமல் ஒஹாயோவிலேயே இருந்துவிட்டதால், பிறகு நானும் மகளும் செல்போனில் வைத்த டைமரும்தான். இனியா படிப்பாள், நான் திருத்துவேன். ஒவ்வொரு சொல்லையும் திருத்தினேன். முதல் வாரம் அவள் குரல் குறைந்தது. இரண்டாம் வாரம் முணுமுணுப்பானது. ஒருநாள் ஒரே வரியில் நாலு முறை தடுக்கியபோது, "இப்படியே போனா ஃபெயில்தான் ஆவ நீ" என்று கத்திவிட்டேன். அவளுக்குத் தமிழ் பாதிதான் புரியும். துரதிர்ஷ்டவசமாக, அந்த வாக்கியத்தில் முக்கியமான சொல் இங்கிலீஷ். அதற்குப் பிறகு என் முன்னால் அவள் வாயே திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டேனே தவிர, டைமர் வைப்பதை நிறுத்தவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டு ஹாலில் டியூஷன். இரண்டாவது, மூன்றாவது படிக்கும் எட்டுப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் எழுந்து நின்று இங்கிலீஷ் பாடத்தில் ஒரு வரி படிக்க, மற்ற எல்லோரும் அதையே திரும்பச் சொல்வார்கள். மூன்றாவது மாடிக்குக் கேட்கும். ஒரு சாயங்காலம் நான் பால் வாங்கிக்கொண்டு வந்தபோது அந்தச் சத்தத்துக்குள் இனியாவின் குரல் கேட்டது. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, நம் ஊர் ராகத்தோடு அவளும் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்தில் அவளே எழுந்து நின்று வரி படிக்கும் ஆளாகிவிட்டாள். எனக்குச் சந்தோஷம் பாதி, கிலி பாதி.

"இந்த ராகத்துல படிச்சா அங்க என்னக்கா சொல்லுவாங்க?" என்றேன்.

அக்கா அடுப்பைத் தணித்தாள். "உன் இங்கிலீஷ் மட்டும் என்ன வானத்துலேர்ந்தா குதிச்சுது? பொன்மலைலேர்ந்து போனதுதானடா. அங்க தனியா உக்கார வச்சுக் கேக்குறாங்க, தப்பு வந்தா நேரா காதுல விழும். இங்க எல்லாரும் சேந்து சொல்றதுல யார் தப்பு யாருக்குத் தெரியும்? அந்தத் தைரியத்துலதான் வாயத் தொறக்குறா. விடு."

விடத்தான் செய்தேன். அழைப்பு வரும் நாள் வரைக்கும்.

அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை, டியூஷன் நேரம். சத்தம் கூடாதென்று அன்றைக்குப் பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். "ஒருநாள் இருந்துட்டுப் போகட்டுமேடா" என்றாள் அக்கா. நான் கேட்கவில்லை. ஹாலைப் பெருக்கி, மேஜையில் லேப்டாப்பை வைத்து, நான் அதற்குப் பின்னால், கேமராவில் படாத இடத்தில் உட்கார்ந்தேன். திரையில் மிஸஸ் பெல் சிரித்து, ஒரு வாத்துக் கதையைக் காட்டி, எவ்வளவு வேகமாகப் படிக்கிறாள் என்று கணக்கிட நேரக் கடிகாரத்தை அழுத்தினார்.

இனியா முதல் வரியைத் தடுக்காமல் படித்தாள். உரக்க, தெளிவாக. அப்புறம் நின்றுவிட்டாள்.

மிஸஸ் பெல் காத்திருந்தார். பிறகு, "நெட் நின்றுவிட்டதா?" என்றார். இல்லை என்றேன். இனியா இரண்டாவது வரியைப் படித்தாள். மறுபடியும் நின்றாள். தலையைச் சற்றே திருப்பி, காலியாகக் கிடந்த தரையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தடுக்கவில்லை. எட்டுப் பேர் திரும்பச் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அது அவளுடைய தடுமாற்றமாகக் கணக்காகிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் படித்ததை நான் திரும்பச் சொன்னேன்.

"மன்னிக்க வேண்டும், நீங்கள் சொல்லிக் கொடுக்கக் கூடாது" என்றார் மிஸஸ் பெல், அதே அன்பான குரலில். சொல்லிக் கொடுக்கவில்லை, அவள் சொன்னதை வாங்கித்தான் சொன்னேன் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஸாரி என்றேன்.

இனியா நாலாவது வரியைப் படித்து நிறுத்தினாள். இந்த முறை அவள் தரையையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. லேப்டாப்புக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் குரல் வராமல் உதட்டை மட்டும் அசைத்து அந்த வரியைச் சொல்லி முடித்தேன். முடியும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் அடுத்த வரிக்குப் போனாள்.