பஞ்சு மூட்டைக்குப் பக்கத்து இருக்கை

ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு வாரம் என்னைப் பார்த்து மற்ற பையன்கள் பொறாமைப்பட்டார்கள். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பொறாமைப்படும்படி எங்களிடம் என்ன இருந்தது? அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு மெத்தைக் கடையில் சுமை தூக்குகிறவர். அம்மா கட்டட வேலையில் சித்தாள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இரண்டிலும் எனக்குப் பாதி வாய்தான் திறக்கும். அப்படிப்பட்டவனுடைய பெஞ்சைச் சுற்றி அந்த வாரம் வகுப்பே நின்றது என்றால், அதற்குக் காரணம் மாமா.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. கொத்தனார். தம்பானூருக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த பழைய தியேட்டரைப் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது, உள்ளே சுண்ணாம்புப் பூச்சு முழுக்க அவர் பொறுப்பில்தான் இருந்தது. அவருக்குச் சாந்து சுமந்த நான்கைந்து பெண்களில் அம்மாவும் ஒருத்தி.

அந்தத் தியேட்டரைப் பற்றி ஆளுக்கொரு வரலாறு வைத்திருந்தார்கள். மாமா சொல்கிறபடி அது ராஜா காலத்தில் நாடகத்துக்கென்றே கட்டியது. தமிழ்நாட்டிலிருந்து நாடகக் கம்பெனிகள் பெட்டி படுக்கையோடு வந்து மாதக்கணக்கில் தங்கி ஆடுமாம். மைக் கிடையாது. ராஜபார்ட் வேஷக்காரர் மேடையில் இருமினால் கடைசி பெஞ்சில் இருப்பவன், ‘உடம்புக்கு என்ன’ என்று விசாரிப்பானாம். சத்தம் அவ்வளவு சுத்தமாகப் போய்ச் சேரும் என்பதற்காக மாமா இதைச் சொல்வார். அப்பாவைக் கேட்டால் அது வெறும் சினிமாத் தியேட்டர். கல்யாணமான புதிதில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், டிக்கெட் கிடைக்காமல், எதிர்க்கடையில் பரோட்டா தின்றுவிட்டுத் திரும்பி வந்த இடம். எங்கள் டீச்சரோ, படம் பார்க்கும்போது காலில் எலி ஓடிய கதையை மட்டும் சொன்னார். அப்புறம் கூரை ஒழுகி, மேடையில் அரசங்கன்று முளைத்து, பல வருஷம் அது பூட்டியே கிடந்தது. மொத்தத்தில் எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட அதற்குள் உட்கார்ந்து எதையும் பார்த்ததில்லை.

ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து, முதலில் எப்படிக் கட்டினார்களோ அப்படியே திரும்பவும் ஆக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதனால் உள்ளே சிமென்ட் ஆகாது. சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி. கருப்பட்டி கரைத்த நாட்களில் அம்மாவின் சேலை இனிப்பாக மணக்கும். ஒருநாள் முந்தானையை நக்கிப் பார்த்து வாயெல்லாம் வெந்து, அம்மாவிடம் முதுகிலும் வாங்கிக்கொண்டேன்.

எட்டு மாதம் ஹால் முழுக்கச் சாரம் கட்டியிருந்தார்கள். மாமா அதன் உச்சியில் மல்லாந்து கிடந்து உட்கூரையில் வேலை பார்ப்பார். அம்மா ஏணி ஏணியாக ஏறிச் சாந்துச் சட்டியைக் கொடுத்துவிட்டு இறங்குவாள். ராத்திரி சோறு போடும்போது ஒருநாள் சொன்னாள்: “அங்கன நின்னா கண்ணுக்கு முன்னால ஒரு முழந்தாம்ல தெரியுது. கீழ இருந்து பாத்தா மொத்தமா எப்படி இருக்கும்னே வெளங்கல.” மாமா, “சாரத்தப் பிரிக்கட்டும்க்கா” என்றார். ஆனால் சாரம் பிரித்த மறுநாளே இருக்கை மாட்டுகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். பூச்சு வேலைக்காரர்களை வெளிச்சுவருக்கு அனுப்பி, கதவில் அனுமதி இல்லை என்று அட்டை தொங்கவிட்டார்கள். இதையெல்லாம் நான் ரசமும் சோறும் பிசைந்தபடி காதில் வாங்கினேனே தவிர, மனதில் வாங்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது மாமா கொண்டுவந்த சேதி. ஒரு செவ்வாய்க்கிழமை வந்து வாசலில் நின்றபடியே அறிவித்தார்.

“வாற ஞாயித்துக்கெழம, காலைல பத்து மணி. தியேட்டரு தொறக்கதுக்கு முந்தி நம்ம ஆளுவளுக்குன்னு ஒரு நாளு. அந்த சீட்டுல மொதல்ல உக்காரப் போறது நாமதான், கேட்டியளா? குடும்பத்தோட வரணும்.”

“என்ன படம் மாமா?”

“வந்து பாருல மருமவனே. இந்த ஊருல ஒருத்தனும் இன்னும் பாத்ததில்ல.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் மாமாவின் சாமர்த்தியம்.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். என் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தவனுடைய அப்பா ஏதோ ஆபீஸில் பெரிய வேலை. அவர்களுக்குத் திறப்பு விழாவுக்கே பாஸ் வந்திருந்தது. அந்தப் பாஸை அவன் நோட்டுக்குள் வைத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். திறப்பு விழாவுக்கு முன்னாலேயே நாங்கள் போகிறோம் என்றதும் அவன் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் ரசிக்கிறேன். “சும்மா பறையாதெடா” என்றான். பேச்சு வளர்ந்து டீச்சர் காதுக்குப் போனது. டீச்சர் நல்லவர். திங்கட்கிழமை நான் வகுப்புக்கு முன்னால் வந்து நின்று, பார்த்ததையெல்லாம் சொல்ல வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அதுவரைக்கும் யாரும் என்னை வகுப்புக்கு முன்னால் நிறுத்தியதெல்லாம் முட்டி போட வைக்கத்தான். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும், திங்கட்கிழமைக்கான முதல் வாக்கியத்தை மலையாளத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். படம் மட்டும்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தன் கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினாள். தங்கைக்கு ரிப்பன். அப்பா விடியும் முன்பே கடைக்குக் கிளம்பிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை என்ன கடை என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வரிசை வீடுகளிலிருந்து எல்லோரும் பவுடரும் பூவுமாகக் கல்யாணத்துக்குப் போவதைப் போலப் புறப்பட்டோம்.

உள்ளே நுழைந்ததும் வார்னிஷ் வாசம். வரிசை வரிசையாகச் சிவப்பு இருக்கைகள். நான் முன் வரிசைக்கு ஓடினேன். மாமா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். “அங்க வேண்டாம்ல. எக்கா, நீ இங்க வா. இந்தா, இந்த சீட்டு.” இரண்டு அடி பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதைப் போல. “ஒண்ணு தள்ளி இரி. ஆங், கரெக்ட்டு. நடு.” அம்மா மடியில் தங்கையோடு உட்கார்ந்தாள். அவளுக்கு வலப்பக்கம் நான். எனக்கு வலப்பக்க இருக்கை காலியாக இருந்தது.

அந்தக் காலி இருக்கைக்கு ஆள் வந்தது. ஆள் இல்லை, ஒரு பஞ்சு மூட்டை. அதைத் தோளிலிருந்து இறக்கி, அக்கறையாக உட்கார வைத்தவர் என் அப்பா.

“அப்பா! நீங்க எப்படி இங்க?”

“கடைலேருந்து மூட்டை வந்திருக்குல்லா. எல்லாத்தையும் உக்கார வைக்கணும்லா.”

“மூட்டை எதுக்குப்பா படம் பாக்கணும்?”

அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். “அத உன் மாமன்கிட்ட கேளு.” பிறகு அவரே மாமாவைப் பார்த்து, “ஏ மாப்ள, என் மூட்டை ஒண்ணும் மூச்சுக் காட்டாது பாத்துக்கோ. ஒன் ஆளுவதான் இருமித் தொலைப்பாவ” என்றார்.

“உம்ம மூட்டை கைதட்டுமா அத்தான்?” என்றார் மாமா.

திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னாலிருந்த வரிசைகளில் எல்லாம் மூட்டைகள் மேடையைப் பார்த்து மரியாதையாக உட்கார்ந்திருந்தன.

பேன்ட் போட்ட ஓர் இளம்பெண் மேடைக்கு வந்தாள். இன்ஜினியர். ஹாலில் அங்கங்கே கம்பி நட்டு மைக் வைத்திருந்தார்கள். தான் கையைத் தூக்கினால் எல்லோரும் மிண்டாமல் இருக்க வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னாள். மாமா எழுந்து, “பேசப்பிடாது, அசையப்பிடாது, கொட்டாவி விடப்பிடாது” என்று தன் சரக்கையும் சேர்த்து மொழிபெயர்த்தார். அவள் கையைத் தூக்கினாள். அவளோடு வந்தவன் ஒரு பெரிய பலூனை ஊசியால் குத்தினான். டப். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். இன்னொரு பலூன். டப். எங்கேயோ ஒரு குழந்தை வீறிட்டது. அதைச் சமாதானப்படுத்தும் வரை காத்திருந்து மறுபடியும் டப்.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எதிரொலிப் பாடம் வரும்போதெல்லாம் அந்தப் பலூன்களைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். காலி ஹாலில் சத்தம் சுவரில் முட்டி முட்டி அலையும். ஆட்கள் உட்கார்ந்தால் அவர்கள் உடம்பும் துணியும் அதை வாங்கிக்கொள்ளும். அதனால் ஹாலை நிரப்பித்தான் அளந்து பார்க்க வேண்டும். முதலில் எல்லா இருக்கைக்கும் பஞ்சு மூட்டை வைப்பதாகத்தான் அந்தப் பெண் ஏற்பாடு செய்திருந்தாளாம். மாமாதான் போய் நின்று, பாதிக்கு மூட்டை இருக்கட்டும், பாதிக்கு நான் ஆள் கொண்டுவருகிறேன், நிஜ ஆள் மாதிரி வருமா என்று சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்திருக்கிறார். இதை என் மாணவர்களிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு பலூன் வெடிக்கும்போதும், இது முடிந்ததும் விளக்கை அணைப்பார்கள், படம் போடுவார்கள் என்று காத்திருந்தேன். பலூன் தீர்ந்ததும் எல்லோரையும் கைதட்டச் சொன்னாள். தட்டினோம். சிரிக்கச் சொன்னாள். ஒன்றுமில்லாததற்குச் சிரிப்பது எப்படி என்று எல்லோரும் விழித்தபோது, அப்பா ஒரு மூட்டையின் முதுகில் தட்டி, “சிரிடே” என்றார். ஹாலே குலுங்கியது. அப்புறம் அவள் கைகூப்பி நன்றி சொன்னாள். வாசல் பக்கமிருந்து சாயாவும் பழம்பொரியும் மணக்க ஆரம்பித்தன.

“மாமா, படம் எப்ப?”

“படமா? எல்லாம் முடிஞ்சிட்டே மருமவனே.”

எனக்குத் திங்கட்கிழமை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பக்கத்து மூட்டையைப் பார்த்தேன். அதுவும் நானும் செய்தது ஒரே வேலை. இரண்டு பேரும் கொடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தோம். “மூட்டைக்குப் பதிலா எங்களக் கூட்டிட்டு வந்திருக்கிய! பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கிய!” என்று கத்தினேன். நல்ல ஹால் அது. நான் கத்தியது கடைசி வரிசை வரைக்கும் பிசிறில்லாமல் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் திரும்பினார்கள். மாமா என் பக்கம் திரும்பாமல் அம்மாவைப் பார்த்தார்.

நானும் அம்மாவைப் பார்த்தேன், எனக்காக நாலு வார்த்தை கேட்பாள் என்று. அவள் தலையைப் பின்னால் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அண்ணாந்து கிடந்தாள். மடியில் தங்கை தூங்கிப்போயிருந்தாள். அம்மாவும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறாள் என்று நினைத்தேன். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“இருல,” என்றாள், தலையை இறக்காமலே. “ஒரு நிமிசம் இருல.”

மாமா விடுவிடுவென்று மேடைக்குப் போனார். அந்தப் பெண் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “மேடம், ஒரு பலூன் கூடி பொட்டிச்சு நோக்கணோ?” என்றார். எதற்கு, எல்லாம் சரியாக வந்துவிட்டதே என்றாள் அவள். மாமா குரலைத் தணித்து ஏதோ சொன்னார். அவள் எங்கள் வரிசையில் அண்ணாந்து கிடந்த அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வயரை மறுபடி பிரித்தாள். பையைத் துழாவி ஒரு பலூனை எடுத்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக ஊதினாள். சாயா ஆறிக்கொண்டிருந்தது. எல்லோரையும் உட்கார வைத்துவிட்ட மாமாவை நான் அந்த நிமிஷம் அடியோடு வெறுத்தேன்.

திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால் நின்றேன். மூட்டையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு ராஜா, இரண்டு யானை, ஒரு வெள்ளப்பெருக்கு என்று ஒரு படத்தை அங்கேயே எடுத்தேன். வெள்ளத்தில் யானை நீந்தி வந்தபோது பின்பெஞ்சில் ஒருவன் கைகூடத் தட்டினான். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் டீச்சர் பிரியமாகக் கேட்டார்:

“சீலிங்கில் வலியொரு பூவுண்டல்லோ? பேப்பரில் படம் வந்திருந்தது. நீ கண்டோ?”

“எந்தப் பூவு டீச்சர்?”

வகுப்பே சிரித்தது. உட்கூரை நடுவில் சுண்ணாம்பில் செய்த அவ்வளவு பெரிய பூவை, தியேட்டருக்குள் நின்றவன் பார்க்காமல் வர முடியுமா என்று பாஸ்காரன் எழுந்து கேட்டான். நியாயமான கேள்வி. நான் தியேட்டர் பக்கமே போகவில்லை என்று முடிவாயிற்று. நான் உண்மையாகவே போயிருந்தேன் என்பதை மட்டும் கடைசி வரைக்கும் யாரும் நம்பவில்லை.

சாயங்காலம் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மாமா வேலை முடிந்து வந்து, வாசலில் காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பையை எறிந்தேன்.

“நாம தியேட்டருக்கே போகலன்னு சொல்லிட்டாவ. மேல ஏதோ பூவாம். அதப் பாக்காம எப்படி வந்தேன்னு எல்லாரும் சிரிக்காவ.”

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். “அவ்வளவு நேரம் அதுக்க அடியிலதான இருந்த. நீ பாக்கலியால?”

“பூவப் பாக்கவா போனோம்?” என்று கத்தினேன்.

மாமா கால் கழுவுவதை நிறுத்தினார். அம்மா அவரைப் பார்த்தாள். அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, அன்று ராத்திரி நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.