வாறேன் என்று சொன்ன வீடு

அம்மா நர்சிங் படித்தவள் என்பதை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் வசதியாக மறந்துபோயிருந்தார்கள். வளைகுடாவில் அப்பா வேலை பார்த்த கம்பெனி மூடிப்போய், அவர் அங்கேயே வேறு வேலை தேடி அலைந்துகொண்டிருந்த வருஷத்தில் அம்மாவே அந்தப் படிப்பைத் தூசி தட்டி எடுத்தாள். பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் பிரிவில் தற்காலிக நர்ஸ் வேலை. எழுந்திருக்க முடியாமல் வீட்டோடு கிடக்கிறவர்களை ஜீப்பில் போய்ப் பார்க்க வேண்டும். புண்ணைக் கழுவி மருந்து வைக்க வேண்டும், மூத்திரக் குழாய் மாற்ற வேண்டும். அமரவிளையில் இருந்த பெரியம்மா, இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தது என்று முகம் சுளித்தாள்.

"நல்ல வேலையாக்கும் மக்கா," என்று காலையில் எனக்குத் தலை பின்னும்போது அம்மா சொல்வாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. சாயங்காலம் வந்து குளித்துவிட்டு, ஆபீசிலேயே சாப்பிட்டாயிற்று என்பாள். அங்கே சாப்பாடு கிடையாது. புண்ணின் வாடை மூக்கை விட்டுப் போகாமல் சோற்றில் கை வைக்க முடியாமல் இருந்திருக்கிறாள்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் என்னைத் தனியாக விட மனமில்லாமல் ஜீப்பில் கூட்டிப்போவாள். போகிற இடத்திலெல்லாம் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கிளம்பும்போது நோயாளியின் தலைமாட்டில் குனிந்து, இன்ன கிழமை வாறேன் என்பாள். அவர்கள் வாயால் "வா" என்று சொன்ன பிறகுதான் வாசலைத் தாண்டுவாள். அதுவரைக்கும் உயிரோடு இருப்போம் என்று அவர்களிடம் வாக்கு வாங்குகிற மாதிரி இருக்கும். பேச முடியாத ஒரு அக்கா கண்ணை மூடித் திறப்பாள். அம்மாவுக்கு அதுவும் போதும்.

அதியன்னூரில் ஒரு வீட்டில் மட்டும் இது நடக்கவில்லை. தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், பக்கவாதம் வந்து கிடந்தார். பேச்சு நன்றாகவே வரும். ஆனால் அம்மாவைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அம்மா விடமாட்டாள். "அடுத்த சனிக்கிழமை வாறேன் மாமா, கேட்டேளா?" என்று காத்துக்கொண்டு நிற்பாள். சுவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருடைய மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவள், வாசல் வரை வந்து சங்கடத்தோடு சிரிப்பாள். ஜீப்பில் ஏறியதும் அம்மாவின் முகம் விழுந்துவிடும். மற்ற வீடுகளில் எல்லாரும் சொன்ன "வா"க்களை இந்த ஒரு மௌனம் அடித்துக்கொண்டு போய்விடும். ஒருநாள் சொல்ல வைக்கிறேன் பார் என்று டிரைவரிடம் சவால் விட்டாள்.

அதற்குள் அவர் இறந்துபோனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு அம்மா அந்த வீட்டுக்குப் போனாள். கூடத்தில் வாழையிலையில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்திருந்தார்கள். சாவு வீட்டில் கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தியவள் அம்மாதான். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். அவர் தலைமாட்டுக்குப் போனாள். குனிந்தாள்.

"அப்ப வாறேன் மாமா," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். மாமி தலை நிமிரவில்லை. இறந்தவரின் தங்கை அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து, "இனியும் ஒரு சாவுக்கு வாறேன்னா சொல்லுதே?" என்று கேட்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பேச்சு எங்களுக்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. அடுத்த வாரமே ஒரு வீட்டில், தேவையென்றால் நாங்களே கூப்பிடுகிறோம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் வாசல் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. வீட்டுக்குள் விட ஆளில்லாத நர்சைப் பஞ்சாயத்து எத்தனை நாள் வைத்துக்கொள்ளும்? திறந்த வீடுகளிலும் அம்மா வேலை முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கிளம்பினாள். கண்ணை மூடித் திறக்கிற அக்கா, நாங்கள் வாசலைத் தாண்டும்போதும் எங்களையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். காலையில் தலை பின்னும்போதும் அம்மா எதுவும் பேசுவதில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மாமியின் வீட்டு வழியே போக வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தாள். பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, குடிநீர்க் குழாய் போட மற்ற ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லை. மாமி கேட்டருகே நின்றிருந்தாள். ஜீப்பைக் கண்டதும் கையைக் காட்டினாள்.

அம்மா இறங்கி, திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாறேன்னு சொல்லீட்டுப் போனியே," என்றாள் மாமி. "பின்ன எதுக்கு வரல்ல?"

நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். மாமி இன்னொரு சாவைக் கேட்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. மாமி அதைக் கண்டுகொள்ளாமல் இருவரையும் உள்ளே அழைத்துப்போய்ச் சாயா போட்டுக் கொடுத்தாள். கட்டில் வெறுமனே கிடந்தது. அம்மா பையிலிருந்து பிரஷர் பார்க்கிற கருவியை எடுத்தாள். மாமி கையை நீட்டிக் கொடுத்தாள். பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அம்மா அழ ஆரம்பித்தாள். அந்த வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். மாமி கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்போது அம்மா வாசலில் தயங்கி நின்றாள்.

"சொல்லு," என்றாள் மாமி.

"அடுத்த சனிக்கிழமை வாறேன் மாமி."

"வா மக்களே."

அம்மா வண்டியில் ஏறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்து எந்த வீடு என்று டிரைவரிடம் கேட்டாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த வீட்டில்தான் இப்போது நோயாளியே இல்லையே, பிறகு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டேன். சனிக்கிழமை தவறாமல் போனோம். பாவம், தனியாக இருக்கிற மாமிக்காகத்தான் போகிறோம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.