திரையில் சுழன்ற என் குடல்

என் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட நெருங்கிய உறவினர் ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள். அக்கா தானே வருவதாகச் சொன்னாள். வேண்டாம், மாமாவை அனுப்பு என்றேன். மாமா அவள் கணவர். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

பதினோரு வருஷம் முன்பு, நாகலாபுரம் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கும் மாமாதான் விசா வாங்கினார். கிளம்ப நான்கு நாள் இருக்கையில் வயிறு முறுக்கி ரத்தமாகப் போயிற்று. நான் போகவில்லை. விசா வந்தும் போகாதவனுக்கு எங்கள் ஊரில் மரியாதை கிடையாது.

"வேலைன்னா இவனுக்கு வயிறு கலங்கிக்கும். சோறு மட்டும் நல்லா துன்னுவான்" என்று மாமா டீக்கடையில் சொன்னார். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார். அவர்கள் திரும்பி வரவில்லை. ஒருவேளை நிஜமாகவே நடிக்கிறேனோ என்று எனக்கே சில நாள் பயமாக இருந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் சர்ஜன் அம்மா கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். ஸ்கேன் படங்களை ஒன்றாகச் சேர்த்து என் குடலை முழு உருவமாக எழுப்பியிருந்தார்கள்.

"சூடண்டி, பாருங்க, இது சிறுகுடல். குரோன்ஸ்னு ஒரு நோய். புண்ணாகி சுருங்கி, மூத்திரப்பைக்கு ஒரு வழி போட்டுக்கிச்சு. செவப்பா தெரியுதே, அதான். எங்க வெட்டணும், எவ்ளோ வெட்டணும்னு இப்பவே தெரியறது நல்லதாப் போச்சு."

குடல் திரையில் சுழன்றது. மாமா மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா சரியா பாக்கல மேடம். இன்னொருவாட்டி சுத்திக் காட்டுங்க."

சுற்றிக் காட்டினார்.

"இது எத்தினி வருஷமா இருக்கும் மேடம்?"

"கரெக்டா சொல்ல முடியாது. பல வருஷமா இருக்கணும்."

"இன்னொருவாட்டி மேடம்."

மூன்றாவது சுற்றில் மாமா, "போதும்டா" என்றார்.

இவர் எழுந்து போய்விட்டால்? கையெழுத்தில்லாமல் ஆபரேஷன் தள்ளிப்போனால்? ஆனாலும் நிறுத்த மனசு வரவில்லை.

நர்ஸ் பேப்பரை நீட்டினாள். மாமா பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஏண்டா, உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்கக்கா என்னத்தானே கேப்பா?"

"ஆமா மாமா. ஆபரேஷன் முடியற வரைக்கும் ரெண்டு நாளு, எனக்கு என்னாவுமோன்ற பயத்தோட இருந்துக்கினு பாருங்க. நான் பதினோரு வருஷம் இருந்தேன்."

கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து எனக்கு நினைவு திரும்பியபோது அக்கா பக்கத்தில் இருந்தாள்.

"பாவம்டா அவரு. நீ உள்ள போனதுல இருந்து ஒக்காரவே இல்ல. நடந்துக்கினே இருந்தாரு."

எனக்குப் பாவமாக இல்லை. சிரித்தால் தையல் இழுத்தது. சிரித்தேன்.