சத்தத்துக்கு முன்னால் போன விமானம்

யுத்த காலத்தில் நொச்சிக்குப்பத்து மீன்பிடி ஆட்கள் நாங்கள் விமானத்தைக் காதாலேயே அடையாளம் கண்டோம். கரையில் அபாயச் சங்கு ஊதினால் ஊருக்குத்தான் கேட்கும். பதுங்கு குழியும் ஊருக்குத்தான். கடலில் கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவனை யார் நினைத்தார்கள்? எங்களுக்கு என் அண்ணன் வகுத்த முறைதான் கதி. பழகிய இரைச்சல் என்றால் வலையைப் பார். பழகாத இரைச்சல் என்றால் பாயை இறக்கிவிட்டுத் தண்ணீரில் குதி. மரத்தின் கட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூக்கை மட்டும் வெளியே வை. அப்படி எவ்வளவோ உப்புத் தண்ணீர் குடித்திருக்கிறோம். ஒரு குண்டும் எங்கள் மேல் விழவில்லை. அதனாலேயே அண்ணனுக்கு அந்த முறையின் மேல் அசையாத நம்பிக்கை.

யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரனும் போனான். மற்றவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். அண்ணன் விடவில்லை. "சண்ட முடிஞ்சிட்ச்சின்னு பிளேனுக்குத் தெரியுமாடா?" என்பார். நாங்கள் சிரிப்போம்.

நாற்பதுகளின் கடைசியில் ஒரு காலை, மீனோடு திரும்பிக்கொண்டிருந்தோம். அலை உடையும் இடத்துக்கு வந்துவிட்டோம். அங்கே மரத்தை விட்டு இறங்கக் கூடாது என்பது குப்பத்தில் குழந்தைக்கும் தெரியும். அலை தூக்கிப் போடும் மரம் ஆள் பார்த்து விழாது. நான் பின்னால் துடுப்பை அழுத்திப் பிடித்திருந்தேன். அப்போது சாந்தோம் பக்கமிருந்து துணியைக் கிழிப்பதுபோல ஒரு சீறல். விசிறி சுற்றும் தடதடப்பே இல்லை. அண்ணன் சத்தம் வந்த திசையில் பார்த்தார். வானம் வெறுமையாக இருந்தது.

"இன்னாடா இது, சத்தம் கீது, பிளேனக் காணோம்! குதிடா!"

"வாணாம் அண்ணாத்தே, அல வருது!"

குதித்துவிட்டார். அடுத்த அலை மரத்தைத் தூக்கி அவர் தலைமேல் போட்டது.

அது ஜெட் விமானம். பட்டணத்து ஜனங்கள் பார்க்கட்டும் என்று கடலோரமாகத் தாழப் பறக்கவிட்டார்களாம். முன்கூட்டியே பேப்பரில் போட்டிருந்ததாம். குப்பத்தில் எவன் பேப்பர் வாங்கினான்? பின்னாளில் ஜெட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். காற்றை முன்பக்கம் உள்ளிழுத்து, எண்ணெயோடு எரித்து, பின்பக்கம் தள்ளும் எஞ்சின். விமானம் போகும் வேகத்தில் சத்தம் பின்தங்கிவிடும். சத்தம் வரும் இடத்தில் தேடினால் கிடைக்காது. எல்லாம் புரிந்தது. ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

மூச்சு நின்றுபோன அண்ணனைக் கரைக்கு இழுத்து வந்தபோது கூட்டம் இன்னும் வானத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. மீன் எடுக்கக் கூடையோடு காத்திருந்த அண்ணி ஓடி வந்தாள். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை.

"எவன் பிளேனு அது?" என்று கேட்டாள்.

"நம்மளுதுதான் அண்ணி. நம்ம நாட்டுது." கூட்டத்தில் காதில் விழுந்ததைச் சொன்னேன்.

"நம்மளுதா?" என்றாள். "அப்பறம் ஏன் இந்த மனுசனாண்ட ஒருத்தரும் சொல்லல?"