மாமா பிடித்த கயிறு

அன்று காலை ஆறரை மணிக்கு எல்லாம் கோணத் தொடங்கியது. மாதா கோயில் பூசை முடிந்து திரும்பிய பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டாள்: "ஏளா, ஒந் தம்பி கடலுக்குப் போகலியா? ஒம் புருசனுக்கு வேற எவனோல்லா கயிறு பிடிக்கானாம்."

அப்பா சங்கு குளிப்பவர். காலில் கல், இடுப்பில் கயிறு. ஒரு மூச்சு இருக்கும்வரைதான் கடலடியில் வேலை. தோணியில் அந்தக் கயிற்றைப் பிடித்து, அது அசைந்ததும் மேலே இழுப்பவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கரை வழக்கம். அக்காவின் தாலிக்காகவாவது கவனமாக இருப்பான் அல்லவா? அப்பாவுக்கு மாமாதான் பிடிப்பார். ஆனால் என் தம்பியின் ஞானஸ்நான விருந்தில், தாய்மாமன் இலைக்குப் போகவேண்டிய சீலா மீன் தலை அப்பாவின் இலையில் விழுந்துவிட்டது. அப்பாவும் யோசிக்காமல் தின்றுவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

அம்மா அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் மாமா வீட்டுக்கு ஓடினேன்.

மாமா முகமெல்லாம் நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். "என்ன மருமவளே, மீன் தலை கொண்டாந்தியா?"

நான் வாசலிலேயே அழத் தொடங்கினேன்.

"எங்கன வலிக்குது?"

நெஞ்சைக் காட்டினேன். விளையாட்டாகத்தான் உள்ளங்கையை வைத்தார். அது அடித்த அடியில் அவருடைய சிரிப்பு நின்றது. அதே கையைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். பிறகு, "எனக்கும் இங்கனதாம்ளா" என்றார். மழிக்காத கன்னத்தில் நுரையோடு கடற்கரைக்கு ஓடி, தூண்டிலுக்குப் புறப்பட்ட வள்ளம் ஒன்றில் தாவி ஏறினார்.

அம்மாவும் நானும் கரையில் காத்திருந்தோம். அப்பாவோடு நானும் முங்குவதாக நினைத்து மூச்சைப் பிடித்துப் பிடித்து, எனக்குக் கண் இருட்டியது.

"விடுளா. அவுக மூச்ச அவுக பாத்துக்கிடுவாக" என்று சொல்லி, அம்மா என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். முதலில் கல்லாக இருந்தது. ஏறி, இறங்கி, ஏறி, மெல்ல மெல்ல இளகியது. அதன் பிறகுதான் மணல் சுடுவதே எனக்குத் தெரிந்தது. பசிப்பதும் தெரிந்தது. அவ்வளவு பயத்துக்கு நடுவில் பசித்தது ஏனோ சந்தோஷமாக இருந்தது.

இத்தனை வருஷம் கழித்து, போன வாரம் என் மகன் சிநேகிதர்களோடு வள்ளத்தில் மணப்பாட்டுக்குப் போய், இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினான். அவன் வரும்வரை நானும் வயிற்றில் கை வைத்தபடியே இருந்தேன். அது இன்னும் முழுதாக இளகவில்லை.

அன்று மத்தியானக் காற்றில் அப்பாவின் தோணி வந்தது. அப்பாவும் மாமாவும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு இறங்கினார்கள். மாமாவுக்கு ஒரு கன்னம் மழமழப்பு, மறு கன்னம் தாடி. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

"இவன் வந்தத யாரும் எனக்குச் சொல்லலளா. கீழ கெடக்கும்போதே கயித்துல தெரிஞ்சுது. நெஞ்சு அப்படியே தெறந்துட்டு" என்றார் அப்பா.

கயிற்றில் எப்படித் தெரியும்? எனக்கு விளங்கவில்லை. ஈரக் கயிற்றின் நுனியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர்தான் சொட்டியது.

மாமா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"அது கெடக்கட்டும். யக்கா, இன்னைக்கு மீன் தலை யாருக்கு?"