பூதக்கண்ணாடியில் படாத வெறி

பிள்ளைகளா, உங்கள் பெரியப்பா நாய் கடித்துச் செத்துப்போனார் என்று மம்சாபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. கடித்த மறுநாளே அண்ணன் ஊசி போட ஆரம்பித்துவிட்டார். அதைப் பாதியில் ஏன் விட்டார் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்பதுகளில் நடந்தது. ராஜபாளையத்தில், அய்யனார் கோவில் போகிற வழியில் ஒரு மாந்தோப்புக்கு அண்ணன் காவல் இருந்தார். அவரைக் கடித்த நாய், தோப்புக்காரர் வீட்டில் கெஞ்சி வாங்கி வந்து வளர்த்த ராஜபாளையம் ஜாதிக் குட்டி. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. தெருநாய் வாடையே படாமல் வளர்த்ததாக அண்ணனுக்கு நினைப்பு. ஒருநாள் அது சோறு தின்னாமல் கயிற்றைக் கடித்துக்கொண்டு கிடந்தது. அவிழ்த்துவிடப் போனவரின் முன்கையில் பல்லைப் பதித்துவிட்டது. அடுத்த இரண்டு நாளில் செத்தும் போனது.

அந்தக் காலத்தில் ஊசி வயிற்றில்தான், தொப்புளைச் சுற்றி. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போக வேண்டும். போட்ட இடம் கல் மாதிரி வீங்கும், குனிந்து வேலை செய்ய முடியாது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் செத்த நாயைக் கொண்டுவரச் சொன்னார். நானும் அண்ணனும் சாக்கில் கட்டிக் கொண்டுபோனோம். மண்டையைத் திறந்து மூளையில் துளி எடுத்து, கண்ணாடித் துண்டில் அழுத்தி, சாயம் விட்டு, மைக்ராஸ்கோப் என்கிற பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். வெறி இருந்தால் உள்ளே சிவப்புப் பொட்டு தெரியுமாம்.

"எனக்கு ஒண்ணும் படல. வேணும்னா நீங்களும் பாருங்க" என்றார்.

அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது.

"நாந்தான் சொன்னேம்லா சார், ஜாதி நாய்க்கு வெறி வராது."

"வெறிக்கு அதெல்லாம் தெரியாதுய்யா. இது அவசரத்துக்குப் பாக்குறது. நோய் இருந்தாலும் சில நேரம் கண்ணுல சிக்காது. மிச்ச மூளையை ஐஸ் வச்சு மெட்ராஸ் லேபுக்கு அனுப்புறேன். அங்க எலிக்கு ஏத்தி, அது சாகுதா பொழைக்குதான்னு பாப்பாங்க. வாரக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் ஊசியை விட்டுறாதீங்க."

அண்ணன் மனதில், முதலில் 'ஒண்ணும் படல' என்று சொன்னது மட்டும்தான் தங்கியது. மறுநாள் அவர் பஸ் ஏறவில்லை. மதினி, அதாவது உங்கள் பெரியம்மா, கெஞ்சிப் பார்த்தார்.

"அந்த டாக்டரு அம்புட்டு சொல்லியிருக்காரு. போயிட்டுத்தான் வாங்களேன்."

"ஏட்டி, நீ பாத்தியா? நான் பாத்தேன். சுத்தமா இருந்துச்சு. மெட்ராஸ்ல எலிக்குச் சீக்குன்னா எலிக்கு ஊசி போடச் சொல்லு."

நானும் சொன்னேன். "ஏலே, உன் வயித்துல குத்துனா தெரியும்" என்று சிரித்தார். கடிவாய் ஆறியது. நாங்களும் சொல்வதை விட்டுவிட்டோம்.

ஒரு காலையில் அந்த டாக்டரே மொபெட்டில் வீடு தேடி வந்தார்.

"எலியெல்லாம் செத்துப்போச்சாம். நாய்க்கு வெறிதான். ஊசி முழுசா போட்டுட்டீங்கல்ல?"

அண்ணனுக்குக் கோபம்தான் வந்தது. "அன்னைக்கு இல்லன்னீய, இன்னைக்கு இருக்குங்கீய. நான் எதை நம்ப?"

"என் கண்ணுக்குப் படலன்னு மட்டுந்தான்யா சொன்னேன். பேசிட்டு நிக்க நேரமில்ல, சட்டையைப் போடுங்க. இப்பவே திரும்ப ஆரம்பிப்போம்."

அண்ணன் கொடியிலிருந்து சட்டையை எடுத்தார். எடுக்கும்போதே முன்கையை நகத்தால் பறட்டு பறட்டென்று சொறிந்தார்.

"அங்க அரிக்குதா?" என்றார் டாக்டர்.

"ரெண்டு மூணு நாளா ஒரே குறுகுறுப்பு சார். வேர்க்குரு போல."

டாக்டர் வண்டியை ஸ்டாண்டு போட்டார். அந்தக் கையைப் பிடித்து, ஆறிய தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தார். மதினியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். ஆறின கடிவாயில் அப்படி அரிப்பெடுத்தால் வியாதி மேலே ஏறத் தொடங்கிவிட்டது, அதற்குப் பிறகு எந்த ஊசியும் கேட்காது என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

"ஏட்டி, வந்து சாப்பிடுதேன். குழம்பை மூடி வை" என்று சொல்லிவிட்டு, அண்ணன் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.